தோன் எவாரிஸ்தோவின் வாயில் ஒலித்த தாலாட்டு

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் காப்பி கேட்பதற்காக தோன் எவாரிஸ்தோ வாயைத் திறந்தார். கிட்டார் சத்தம் வந்தது. அது எபிஃபானியாவின் தாலாட்டு என்று அவர் மனைவிக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் சான் மெலிட்டோனில் அந்தத் தாலாட்டைத் தெரியாதவர் யார்? அந்த வாரம் அவகாடோ விலையும் இறங்கியிருந்ததால், ஊர் இரண்டையும் சேர்த்தே பேசியது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து, குடிலில் கிடக்கும் குழந்தை இயேசுவை முத்தமிட ஊரே வரிசையில் நிற்கும்போது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எபிஃபானியா கிட்டார் வாசிப்பாள். தாலாட்டு அவளே கட்டியது. புருஷனும் பிள்ளையும் இல்லாத அவளுக்கு வருஷத்தில் அந்த ஒரு காலைதான் வாழ்க்கை. மற்ற நாளெல்லாம் வலதுகை நகங்களை வளர்த்து, உப்புத்தாளால் தேய்த்து, கைக்குழந்தைபோலக் காப்பாற்றுவாள். நகம்தான் தந்தியைப் பேசவைப்பது. அந்த வருஷம் விழாத் தலைவர் தோன் எவாரிஸ்தோ. மொரேலியா நகரத்தில் கிட்டார் படித்துத் திரும்பிய மகன் அபுந்தியோவை அந்த நாற்காலியில் பார்க்க அவருக்கு ஆசை. எழுந்திரு என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, விருந்துக்குத் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை அவிக்க, சுண்ணாம்பில் ஊறிய சோளத்தைத் தேய்த்துத் தோல் நீக்கும் வேலையை அவளுக்கு ஒதுக்கினார். சுண்ணாம்புத் தண்ணீர் நகத்தை என்ன செய்யும் என்பது கிட்டார்க்காரன் வீட்டில் தெரியாத விஷயமா?

"மிளகாய் அரைக்கிறேன், அடுப்புல நிக்கிறேன். இது மட்டும் வேணாம் தோன் எவாரிஸ்தோ" என்று அவள் கெஞ்சினாள்.

"எல்லா வேலையும் பிரிச்சுக் குடுத்தாச்சும்மா. பிள்ளை இயேசுவுக்குச் செய்யற வேலை. இதுல போய் நகத்தப் பாப்பியா?"

பிள்ளை இயேசுவின் பெயரைச் சொல்லிக் கொடுத்த வேலையை எங்கள் ஊரில் யாரும் மறுத்ததில்லை. அவள் தேய்த்தாள். நகங்கள் ஒவ்வொன்றாக ஒடிந்து சோளத்தில் விழுந்தன. பொறுக்கி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அரைக்கக் கொடுத்தாள்.

மறுநாள் அபுந்தியோ வாசித்தான். நன்றாகவே வாசித்தான், அவளுக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். விருந்தில் முதல் பானைத் தமாலே வழக்கப்படி விழாத் தலைவருக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டு தின்ற பிள்ளைகளுக்குச் சில நாள் விக்கலோடு ஒவ்வொரு சுரம் வந்து நின்றுபோனது. மீதிப் பானை முழுவதையும் தின்றவர் தோன் எவாரிஸ்தோ.

அவர் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். அடுத்த சந்தையில் வாயைத் திறந்ததும் காளைகள் முழங்காலை மடக்கிப் படுத்துத் தூங்கிவிட்டன. தூங்கும் காளைக்கு யார் விலை கேட்பார்? ஏலம் வேறொருவன் கைக்குப் போனது. மொரேலியா மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார், மருந்து எழுதினார், தாலாட்டின் நடுப்பகுதியை இன்னொரு தடவை கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் தாலாட்டையே கேட்ட கொஸ்மே சாமியார், எதை மன்னிக்கிறோம் என்று தெரியாமலே மன்னித்து அனுப்பினார். எபிஃபானியா ஜன்னலோரம் நின்று, அவர் தெருவில் யாரிடமாவது பேச முயல்வதைத் தினமும் கேட்பாள். அந்த வருஷம் அவள் சதை போட்டாள்.

அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கியதும் அவர் மனைவி வந்து அழுதாள். "நாற்காலி உன்னோடதுதான்கா. வந்து வாசிச்சு, அந்த மனுஷன விட்டுரு."

"வரேன். அவரையும் கூட்டிட்டு வா."

அதற்குள் அவளுடைய நகங்கள் பழையபடி வளர்ந்திருந்தன. ஆனாலும் வெறுங்கையோடு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"கிட்டார் எங்க, அத்தை?" என்று அபுந்தியோ கேட்டான்.

"அதான் உங்கப்பா வந்துட்டாருல்ல?"

ஊர் பார்க்க, தோன் எவாரிஸ்தோ அவள் காலடியில் முழங்காலிட்டு வாயைத் திறந்தார். தாலாட்டு வந்தது. வேகம் கூடினால் அவர் காதைத் திருகினாள்; தளர்ந்தால் கன்னத்தில் தட்டினாள். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாலாட்டு அத்தனை அழகாக இருந்ததால் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, குழந்தையை முத்தமிட்டோம், விருந்துக்குப் போனோம்.

பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அவரை விட்டுவிடச் சொல்லி யாரும் இப்போது கேட்பதில்லை. தாழ்ந்த சுரம் போன வருஷத்தைவிடத் தேவலை என்கிறார்கள். அபுந்தியோ மொரேலியாவுக்கே போய்விட்டான். எபிஃபானியா தன் கிட்டாரை வீட்டில், தனக்காக மட்டும் வாசிக்கிறாள்.

சென்ற கிறிஸ்துமஸில் அவருடைய முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்து ஓசை கரகரத்தது. பூசை தொடங்குமுன் எபிஃபானியா அவர் தலையை மடியில் சாய்த்து, பையிலிருந்து நகம் தேய்க்கும் உப்புத்தாளை எடுத்தாள். அவர் கையைத் தூக்கி வாயை மறைத்தார்.

"ஆ காட்டுங்க தோன் எவாரிஸ்தோ" என்றாள். "பிள்ளை இயேசுவுக்குச் செய்யற வேலை. இதுல போய் பல்லப் பாப்பீங்களா?"

அவர் கையை எடுத்தார். அவள் பொறுமையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டாள். அந்தக் காலை தாலாட்டு சுத்தமாக வந்தது.