தொண்டைக்காரி

ஒயின் ஆலையின் சுவைபார்க்கும் அறையில் இவளுக்குத் தொண்டைக்காரி என்று பெயர். பக்கத்து நாற்காலிக்காரி மூக்குக்காரி. வாசனையில் ஒளிந்திருக்கும் குறையை அவள் பிடிப்பாள். விழுங்கிய பிறகு மெல்லத் தலைகாட்டும் கசப்பை இவள் பிடிப்பாள். மற்றவர்கள் வாயில் வைத்துப் பார்த்து வாளியில் துப்பிவிடுவார்கள். இவள் மட்டும் ஒரு மிடறு இறக்குவாள். அந்த மிடறுதான் இத்தனை காலம் சோறு போட்டது.

திங்கட்கிழமையிலிருந்து இவளும் துப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஒயினோட சண்டையா?" என்றாள் மூக்குக்காரி.

இவள் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று அறுவை நடந்ததும் இவளும் பயந்துபோய்ப் பரிசோதித்துக்கொண்டாள். எடுத்த படத்தில் ஒன்றும் இல்லை. என்ன வேலை என்று கேட்ட டாக்டரம்மாதான் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். மது அந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். கொஞ்சம் குடித்தாலும் கொஞ்சம் கூடும், அளவு ஏற ஏற அதுவும் ஏறும்.

"குடி ஈரலத்தான் கெடுக்கும்பாங்க, இதென்ன புதுக் கதை? உங்கக்கா ஒரு சொட்டு தொட்டிருப்பாளா? அவளுக்கு வரலையா?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'குடிக்காதவங்களுக்கு வராதுன்னு நான் சொல்லலம்மா. கூடப் பொறந்தவங்களுக்கு வந்ததால ஏற்கெனவே உங்க தராசு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கு. நீங்களும் ஏன் கல்லு வைக்கறீங்க?'ன்னாங்க."

மூக்குக்காரி சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. "மேனேஜர் காதுல போட்டுடாத. நாளைக்கே நாற்காலியத் தூக்கிருவான்."

அந்தப் பயம்தான் இவளை அரித்துக்கொண்டிருந்தது. துப்புகிற தொண்டைக்காரி யாருக்கு வேண்டும்?

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மேனேஜர் கிளாஸோடு வந்தார். "ஏழாம் தொட்டி. லாரி வாசல்ல நிக்குது. நீங்க சரின்னா ஏத்திடலாம்க்கா."

வாயில் வாங்கினாள். நாக்கு குறை சொல்லவில்லை. தொண்டை பழக்கதோஷத்தில் தானே திறந்தது. ஒரே ஒரு மிடறுதானே என்றது மனம். இத்தனை காலம் விழுங்கியது அத்தனையும் ஒரே ஒரு மிடறுதானே! குனிந்து துப்பினாள்.

"என்னக்கா, உள்ள போனாத்தானே தெரியும்?"

"தெரியல சார்." அந்த அறையில் இவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. "வாய்க்குச் சரியா இருக்கு. இனிமே விழுங்கறதா இல்ல."

"அப்புறம் உங்கள எதுக்கு..." பாதியில் நிறுத்திய மேனேஜரின் கண் பக்கத்து நாற்காலிக்குப் போனது.

"குடுங்க, நான் பாக்கறேன்." இவள் தடுக்குமுன் மூக்குக்காரி விழுங்கிவிட்டாள். அவள் கழுத்தில் அந்த மிடறு ஏறி இறங்கியது. இத்தனை நாளில் வெளியே நின்று அதைப் பார்த்ததில்லை இவள்.

"கடைசில கசக்குது. அனுப்பாதீங்க."

"அட, பரவால்லயே!" மேனேஜரின் முகம் தெளிந்தது. "இன்னொரு வாய் பாத்து உறுதி பண்ணிடுங்க. நாற்காலிய மாத்திப் போட்டாப் போச்சு."

முதலில் வந்தது பொறாமை. தன் நாற்காலி இவ்வளவு லேசாகவா நகரும்? அது அடங்குமுன், தான் இறக்கி வைத்ததைச் சிநேகிதி தலையில் ஏற்றிவிட்டோம் என்று உறைத்தது.

அதற்குள் மூக்குக்காரியின் கன்னம் இரண்டாம் வாய்க்கு உப்பியிருந்தது. இவள் வாளியைத் தூக்கி அவள் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

"துப்புடி."

"அக்கா! லாரி நிக்குது!" என்றார் மேனேஜர்.

"அவளுக்கும் மார் இருக்கு சார்."

மூக்குக்காரி உப்பிய கன்னத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாளியின் விளிம்பில் இருந்த இவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு குனிந்தாள்.