சுவருக்குள் ஒரு ஸ்வெட்டர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. நேற்று சாயங்காலம் அக்கா ஆபீஸிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "டேய், என் மேசையைச் சுவர் வச்சு மூடிட்டாங்கடா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரி: "அந்த அலுவலகத்தில் ஒரு மாபெரும் கலைப்படைப்பு எழும்பிக்கொண்டிருந்த வேளையில்..." வேண்டாம், அழைப்பிதழ் வாடை அடிக்கிறது.

இன்னொன்று: "சுவர்களும் அழும் என்பதை..." சீச்சீ.

நேராகவே சொல்கிறேன். அக்கா வேலை பார்ப்பது, வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில். அந்த ஹாலுக்குள்ளேயே ஒரு கலைப்படைப்பு கட்டித்தரச் சொல்லி நிர்வாகம் ஒரு பெண்ணை வரவழைத்தது. "இங்க மட்டுமே நிக்கும், வேற எங்கயும் தூக்கிட்டுப் போய் வைக்க முடியாது" என்றாளாம். ஒரு வாரம் தினமும் காலையில் தரை முழுக்கச் சுண்ணப்பொடி தூவி, சாயங்காலம் காலடித் தடங்களைப் படம் பிடித்தாள். ஆபீஸே அவளுக்குப் 'பொடியம்மா' என்று பெயர் வைத்தது. கால் பட்ட இடமெல்லாம் வழி. ஒரு காலும் படாத இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் பிளைவுட் சுவர். அதுதான் படைப்பு.

அப்போது அத்தானுக்குக் கண் ஆபரேஷன் என்று அக்கா லீவு. திரும்பி வருவதற்குள் சுவர் எழும்பிவிட்டது.

(லீவில் இருந்தவளின் தடம் எப்படி விழும் என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயம். மற்றவர்களின் தடம் எங்கே? "எங்க, ஆளையே காணோம்?" என்று ஒருத்தர்கூட அந்த மூலையை எட்டிப் பார்க்கவில்லை. அடக் கொடுமையே!)

3

மேனேஜரை வில்லனாக்கத்தான் கை பரபரக்கிறது. அக்கா விடவில்லை. "நல்ல மனுஷன்டா. எனக்கு லீவு குடுத்ததே அவர்தான்."

அந்த நல்ல மனுஷனிடம் தச்சர் கேட்டிருக்கிறார்: "சார், உள்ள ஒரு மேசை இருக்கே. நாற்காலியில ஸ்வெட்டர்கூடத் தொங்குது."

அவர் தலையை நிமிர்த்தாமலே, "பழசு. ஸ்டோருக்குப் போக வேண்டியது. மூடிடுங்க" என்றாராம்.

அந்த ஸ்வெட்டர் நான் வாங்கிக் கொடுத்தது. (கதைக்கு இது தேவையில்லை. ஆனாலும் இந்த வரியை அடிக்கமாட்டேன்.)

4

நேற்று அக்கா கைப்பையோடு போய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள். விருந்தாளி என்று நினைத்த பொடியம்மா பெருமையாக விளக்கினாள்: "இந்த மூலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது மேடம். யாருமே வராத இடம்."

"அதுக்குள்ளதாம்மா என் சீட்டு இருக்கு."

பொடியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பவே உடைச்சிடலாம்" என்றாள். மேனேஜர் கையைப் பிசைந்தார். "நாளைக்குத் திறப்பு விழா. அதுவரைக்கும் நீங்க எங்கயாவது..."

அக்கா கதறி அழு... என்று எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள். "யாருடா அழுதா? அந்தப் பொண்ணுதான் அழுதா. நான் ரம்பம் கேட்டேன்."

5

முடிவு ஒன்று: அக்கா ஒரே உதையில் சுவரை... (முழங்கால் வலிக்காரி. ஆகாது.)

முடிவு இரண்டு: எல்லோரும் மன்னிப்புக் கேட்டுக் கைதட்ட... (தூ.)

நடந்தது இவ்வளவுதான். தச்சர் ரம்பத்தோடு வந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். இரண்டாவது கோட்டுக்கு முன்னால் நிறுத்திக் கேட்டார்: "எவ்வளவு அகலம் விடட்டும்மா? நீங்க மட்டும் போய் வர்ற அளவா, நாலு பேர் வந்து போற அளவா?"

அக்கா, "காலைல சொல்றேன்" என்று பென்சிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ராத்திரி அக்கா இங்கேயே தங்கிவிட்டாள். விடிந்துவிட்டது. "கதை எழுதுறவன்தானே, சொல்லுடா" என்கிறாள்.

"நாலு பேர் அளவுக்கே அறுக்கச் சொல்லேன்க்கா."

"அறுத்த பிறகும் யாரும் வரலைன்னா?"

கேட்டுவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். பென்சில் இதோ, இந்தத் தாளின்மேல் கிடக்கிறது. எடுத்து அவள் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்கள்.