நாளைக்கு வர வேண்டாதவர்கள்

ஐந்தரை மணிப் பேருந்து ஊருக்குள் வந்து திரும்பிப் போயிருந்தது. அது கிளப்பிவிட்ட புழுதி அடங்குவதற்குள் நர்கீஸ் ஒச்சப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ஒச்சப்பன் ஆடுகள் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நர்கீஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு அது இன்னும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"வாங்க தலைவரம்மா. என்ன, கூட்டமா? கையெழுத்தா?"

"கூட்டம் இல்லண்ணே. நாளைக்கு ஒரு நாள் சின்னுவப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேணாம்."

"என்னது?"

"மேலருந்து ஆளுக வாராங்க. அஞ்சாவதுப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுதான்னு பாக்க. அவன் வீட்ல இருக்கட்டும்."

ஒச்சப்பன் குழைக்கட்டைக் கீழே போட்டார். "ஏம்மா, போன ஆனியில வந்து, அனுப்புங்க அனுப்புங்கன்னு காலப் பிடிக்காத குறையா நின்ன. இப்ப அனுப்பாதேங்குற. எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"ஒரு நாள்தாண்ணே."

"பிள்ள எங்கன்னு கேப்பாங்கள்ல?"

"அம்மை போட்டிருக்குன்னு டீச்சர் சொல்லிக்குவாங்க."

"அப்ப வாசல் நெலவுல வேப்பிலையும் சொருகிருவோம். மூணாம் நாள் தண்ணி ஊத்த நீ வந்துரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு நின்றதும் குரல் வேறாக இருந்தது. "எம்மவன் அம்புட்டு மக்காம்மா?"

"மக்கு இல்லண்ணே. ஒத்த டீச்சர் அஞ்சு வகுப்பையும் பாக்குறாங்க. அவங்கதான் என்ன செய்வாங்க?"

"சரி. ஆட்டுக்கு ஒரு ஆளாச்சு" என்றார் ஒச்சப்பன். மறுபடியும் குழையைக் கையில் எடுத்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்து வந்திருந்தாள். அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள். முன்பு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் குறைந்ததும், இவ்வளவு பேருக்கு ஒருவர் போதும் என்று மற்றவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஒருவர்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறினார்கள். தலைக்கு இவ்வளவு என்று வரும் பள்ளி மானியமும் அதோடு சுருங்கியது. அதுவும் ஒரு வருஷம் பாதிதான் வந்தது. துடைப்பமும் சாக்பீசும் மிச்சமிருந்த ஒரே ஆசிரியையான சகாயசெல்வி டீச்சர் தன் காசில் வாங்கினார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை குழு கூடும். இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்ற தீர்மானத்தைத் தலைமை ஆசிரியை சகாயசெல்வி வாசிப்பார். நர்கீஸ் கையெழுத்துப் போடுவாள். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துச் செல்போனில் ஏற்றுவார்கள். படம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செல்போன் சொல்லும். அடுத்த மாதமும் அதே தீர்மானம்.

இப்போது மார்க்கும் குறைந்தால் பள்ளியை நத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. ரோடு நான்கு வழியான பிறகு ஊர்க்காரர்கள் பகலிலேயே கும்பலாகத்தான் அதைக் கடக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை தனியாக எப்படிக் கடக்கும்? அந்த ஒரு பயத்தில்தான் காலையில் சகாயசெல்வி கேட்டபோது நர்கீஸ் ஒத்துக்கொண்டாள். "ஒச்சப்பன் மகன், தமிழ்மதி மக" என்று சொல்லி டீச்சர் நிறுத்தினார். இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் மூன்றாம் வகுப்பில் யாரோ யாரையோ அடித்துவிட்டார்கள். டீச்சர் எழுந்து ஓடினார்.

தமிழ்மதி மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. குடத்துத் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"யாரு யாரெல்லாம் வர வேணாமாம்?"

"ஒச்சப்பண்ணன் மகன். ஒம்மக."

"ஒம்மக?"

"ஃபாயிஸா வாசிப்பாளே."

"ஆமாமா. மைக்செட்டு கட்டுன மாதிரி சாயங்காலமானா தெருவுக்கே கேக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏக்கா, யாழினி கேட்டா நான் என்ன சொல்ல? ஒனக்கு வாசிக்க வராது, வந்தா பள்ளிக்கூடத்துக்கு அசிங்கம்னா? உள்ளதான் இருக்கா. நீயே சொல்லிட்டுப் போ."

நர்கீஸ் உள்ளே போகவில்லை. "லீவுன்னு சொல்லு."

"ஒங்க வீட்ல லீவு இல்லையாக்கும்" என்றாள் தமிழ்மதி. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பள்ளியில் சகாயசெல்வி படிக்கட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். சேலையை இடுப்பில் சொருகியிருந்தார். கழுத்துச் சிலுவை முன்னால் தொங்கி ஆடியது. வகுப்பறைச் சுவரில் புதிதாகப் படங்கள் ஒட்டியிருந்தன. பசை இன்னும் காயவில்லை.

"ரெண்டு வீட்டுலயும் சொல்லிட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் சிரிச்சாரு. ஒருத்தி திட்டுனா."

டீச்சர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். கையை உதறினார். ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்காரும்படி சொல்லவில்லை. நர்கீஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"காலையிலயே சொல்லணும்னு பாத்தேன், நர்கீசு. ஃபாயிஸாவும் நாளைக்கு வேணாம்."

நர்கீஸுக்குச் சிரிப்பு வந்தது. "அவளுக்கு எதுக்கு? அவதான் வாசிப்பாளே."

"வாசிக்க மாட்டா."

"தெனம் வாசிக்கிறா டீச்சர். நான் கேக்குறேன்."

"நீங்க கேக்குறீங்க" என்றார் சகாயசெல்வி. "அவளும் அப்படித்தான். பக்கத்துல உக்கார்ற ஜெஸ்ஸி வாசிக்கிறதக் கேப்பா. ஒரு வாட்டி கேட்டா போதும், அப்படியே சொல்லுவா. விரலையும் சரியா நகட்டுவா. எனக்கே ஆடி மாசம்தான் தெரிஞ்சுச்சு. ஒருநா ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல், வரல. அன்னைக்கு இவ வாயே தொறக்கல."

நர்கீஸுக்குப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு தடவை ஓதிக் காட்டினால் போதும், ஒங்க பிள்ள அப்படியே பிடிச்சுக்கிது என்று சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க அதைத் தெருவில் சொல்லித் திரிந்தாள். டீக்கடைகளுக்குக் கொடுக்கச் சமோசா மடித்தபடி, அடுப்படியில் இருந்து மகளின் குரலைக் கேட்பாள். தடங்கல் இல்லாமல் வரும். ஒரு நாளும் எழுந்து போய்ப் புத்தகத்தைப் பார்த்ததில்லை.

"ஆடி மாசமே தெரியும்ல டீச்சர். ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும்." டீச்சர் தரையைப் பார்த்தார். "ஒன்னாவதுல இவ சேந்தப்போ கொரோனாவுல பாதி வருசம் பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துச்சு. அப்பறம் கூட இருந்த டீச்சரும் போயாச்சு. சின்னதுகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கவா, இதுகள உக்கார வச்சு வாசிக்கப் பழக்கவா, முட்டைக் கணக்கச் செல்போன்ல ஏத்தவா? வாய மூடிக்கிட்டு இருக்குற பிள்ளையத்தான் மொதல்ல பாக்கத் தோணுது. சத்தமா சொல்ற பிள்ள, அது பாட்டுக்குப் போயிருச்சு."

"மேல எழுதிக் கேப்போம் டீச்சர். இப்படி இருக்குன்னு சொல்லுவோம்."

"மாசாமாசம் கேக்கத்தானம்மா செய்யிறோம். நீங்கதான கையெழுத்துப் போடுறீங்க?"

நர்கீஸ் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு உட்காரும் மூலையில் மரியசெல்வம் மகள் ஜெஸ்ஸியின் தண்ணீர்ப் புட்டி மட்டும் மறந்து கிடந்தது.

"அப்ப அஞ்சாவதுல யாரு இருப்பா?"

"ஜெஸ்ஸி இருக்கா. அவ நல்லா வாசிப்பா." சகாயசெல்வி எழுந்து துடைப்பத்தை எடுத்தார். "ஒருத்தி வாசிச்சு ஒருத்தி பாஸானா நூத்துக்கு நூறு. அவுகளுக்கு அது போதும்."

வீட்டுக்கு வந்தபோது ஃபாயிஸா வாசலில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குளத்தில் தண்ணீர் நிறைந்தது, கொக்குகள் வந்தன என்று ஏதோ வந்தது. விரல் வரியின் முடிவுக்குப் போய் அடுத்த வரிக்கு இறங்கியது. நர்கீஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், ஜூன் மாதம் வீடு வீடாகக் கொடுத்ததில் மிஞ்சியிருந்த மாணவர் சேர்க்கை நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இத வாசி."

ஃபாயிஸா நோட்டீசில் இருந்த படத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். அன்பார்ந்த பெற்றோரே என்று தொடங்கிக் காலை உணவு, விலையில்லாப் புத்தகம், பாதுகாப்பான சூழல் எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. நர்கீஸுக்கு உடம்பெல்லாம் லேசானது. டீச்சருக்கு வேலைப்பளுவில் ஏதோ தப்பாகத் தோன்றியிருக்கிறது. நாளைக்கே போய்ச் சொல்லிவிடலாம்.

"சரி, இங்கருந்து வாசி" என்று நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அன்பார்ந்த பெற்றோரே" என்றாள் ஃபாயிஸா.

ஜூன் மாதம் தெருத் தெருவாக அதை உரக்க வாசித்துக்கொண்டு போனபோது மகளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்தாள்.

மசாலா பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஃபாயிஸா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அம்மா விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கண்ணைக் கசக்கினாள்.

"கண்ணு எரியுதும்மா."

"சரி, போ. போய் மூஞ்சியக் கழுவு."

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் வேலைக்குப் போயிருந்த அவள் கணவன் ஹாமித் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தான். அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவன் வேன் பள்ளிக்கூடத்தின் பேச்சை எடுப்பான். அதற்கு வழியில்லை என்று அவனே முடிப்பான்.

காலையில் எழுந்து எல்லா நாளும் செய்வதையே செய்தாள். வெந்நீர் வைத்தாள். மகளுக்கு எண்ணெய் தேய்த்து, ரெட்டை ஜடை பின்னி, சீருடையைத் தேய்த்துக் கொடுத்தாள். லீவு என்ற வார்த்தை வாயிலேயே இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் ஜெஸ்ஸி ஒருத்தி வாசிப்பாள். பள்ளி நன்றாக நடக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். வருகிற சித்திரையில் ஃபாயிஸா ஐந்தாவதை முடித்து வெளியே போவாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் தேவைப்படாது. சொல்லாமல் அனுப்பினால், வந்தவர்கள் முன்னால் பிள்ளை நிற்பாள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பார்கள். பிறகு பள்ளியைச் சேர்த்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்த ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கும். நேற்று இரண்டு வீட்டில் போய்ச் சொன்னவள், தன் வீட்டில் சொல்லவில்லை என்று ஆகும்.

பள்ளிப் பக்கம் வெள்ளைக் கார் ஒன்று மெதுவாகப் போனது. தெருவில் ஓடிய பிள்ளைகள் கத்தினார்கள்.

ஃபாயிஸா பையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பி வந்து பையைக் கழற்றினாள். தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அவங்க எந்தப் பாடம் கேப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்களாம்மா? அத மட்டும் நீ ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. நான் போயிருவேன்."