கரண்டியோடு வந்த ஓட்டு

ஜன்னல் பக்கம், பள்ளிக்கூடம் வேண்டும் என்பவர்கள். சுவர்ப் பக்கம், வரி தாங்காது, மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் அனுப்பலாம் என்பவர்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மார்ச் மாதச் சேறு அப்பிய பூட்ஸோடு ஊரே கூடத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. தலைகளை எண்ணியவர், மேடையில் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஓடில் மார்கோட்டின் காதில் கிசுகிசுத்தார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு பக்கமும் சமம்!

ஊர்க்கூட்டத்தை நடத்துபவளுக்கு ஓட்டுக் கிடையாது, சமமாக வந்தால் தவிர. இத்தனை வருஷம் வாயில் கொழுக்கட்டையோடு மேடையில் நின்றவள் அவள். கணவன் க்ளெம், "இந்த வரியைக் கட்டினா மாடுகளை விக்க வேண்டியதுதான்" என்று குளிர்காலம் முழுக்கக் கத்தியபோதுகூட வீட்டில் வாயைத் திறக்கவில்லை. இன்று ஒரே வார்த்தை சொன்னால், அவளும் அவள் பிள்ளைகளும் படித்த பள்ளிக்கூடம் பிழைத்துவிடும். சந்தோஷத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வாயைத் திறந்தாள். கூடத்தை ஒட்டிய சமையலறைக் கதவும் திறந்தது.

"என்னது, ஓட்டெடுப்பு நடக்குதா?" ஏப்ரனும் கரண்டியுமாக க்ளெம். "ஊருக்கே சூப்பு கிண்டறவனை ஒருத்தரும் கூப்பிடலியே!"

ஓட்டெடுப்புக்கு முன் சமையலறைக்கு ஆள் அனுப்புவது வழக்கம். அனுப்ப வேண்டியவள் ஓடில்தான். பரபரப்பில் மறந்தே போனாள். இவன் ஓட்டு விழுந்தால் சமம் போச்சு, அவள் ஓட்டும் போச்சு.

"லேட்டு! போய் அடுப்பைப் பாருய்யா!" என்றது ஜன்னல் பக்கம்.

"முடிவு எங்க சொன்னாங்க? வாடா க்ளெம்!" என்றது சுவர்ப் பக்கம்.

முடிந்தது என்று மேஜைமேல் சுத்தியலை ஒரு தட்டுத் தட்டினால் போதும், க்ளெமுக்கு ஓட்டில்லை. அவள் கை அதை இறுக்கிப் பிடித்தது.

"முடிவு இன்னும் சொல்லல." என்றாள் அவள். "உன் ஓட்டு உனக்கு உண்டு, க்ளெம். போய் நில்லு."

அவன் நடுக்கூடத்துக்கு வந்தான். "நீ எந்தப் பக்கம்? இந்த ஒரு தடவையாவது சொல்லேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது.

"மேடையில நிக்கறவகிட்ட அதைக் கேக்கக் கூடாது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சுத்தியலைப் பிடித்து வெளுத்துப்போயிருந்த விரல்களைப் பார்த்தான். சுவர்ப் பக்கத்தில் அவன் கூட்டாளிகள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவன் நடக்கத் தொடங்கினான். கரண்டியிலிருந்து சூப் சொட்டுச் சொட்டாகப் பலகைத் தரையில் விழுந்தது. கூடத்தின் நடுவே நேராகப் போனது அந்தச் சொட்டு வரிசை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தது.

அடுத்த சொட்டு, ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி விழுந்தது.