குளியல் தொட்டியில் ஓர் ஊமை

கதவு இடிந்து விழுவதுபோல் தட்டினார்கள். நெரேய்தாவின் கையிலிருந்த கரண்டி தரையில் உருண்டது.

"சத்தம் தேடி வந்திருக்கோம், கதவைத் திறங்கம்மா!"

ஹவானாவின் அந்தத் தெருவில் இரண்டு மாதமாக இதே பேச்சு. எதிர்வீட்டுத் தூதரக அதிகாரி ஹார்லனுக்கு ஒரு நாள் காதுக்குள் ஏதோ கிறீச்சிட்டதாம். அன்றிலிருந்து கைத்தடி இல்லாமல் நடக்க முடிவதில்லை. பேசும்போதே வார்த்தை மறந்துபோகிறது. காரணம் எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தது.

நெரேய்தாவின் கவலை வேறு. அவளுடைய குளியல் தொட்டியில் எண்பது கிலோ பன்றி ஒன்று படுத்திருந்தது. பெண்பிள்ளைக்குக் கல்யாணம் மாதிரி ஊர்கூட்டிக் கொண்டாடும் பதினைந்தாவது பிறந்தநாள் மகளுக்கு வருகிறது; அந்த விருந்தே இதை நம்பித்தான். நகரத்துக்குள் வளர்ப்பது தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் தெருவில் மற்றவர்கள் செய்வதுபோல, குட்டியிலேயே மாட்டு டாக்டரை விட்டு அதன் குரல்நாணை அறுத்திருந்தாள்.

கையில் சத்தம் அளக்கும் கருவியோடு போலீஸ் ஆபீசர் லிசார்தோ நுழைந்தார். பின்னால் தடியை ஊன்றி ஹார்லன்.

"வீட்டுல என்னம்மா சத்தம் வரும்?"

"வீட்டுக்காரர் குறட்டைதான். எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

லிசார்தோ குளியலறைக் கதவில் கருவியை வைத்தார். முள் அசையவில்லை. மூக்குதான் அசைந்தது.

"என்ன வாடை?"

"குழாய்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. பின்னே மல்லிகையா மணக்கும்?"

லிசார்தோ அவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "எல்லாம் அந்தாளு மனப்பிரமைம்மா. தேடுற மாதிரி தேடணுமே!"

ஹார்லனுக்கு அது கேட்டுவிட்டது. முகம் வெளுத்து, தள்ளாடி, "வாந்தி வருது" என்று குளியலறைக்குள் புகுந்தார். நெரேய்தா பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

பன்றி அவரைப் பார்த்து வாயை அகலத் திறந்தது. சத்தமே வரவில்லை.

"சார், என் பொண்ணு விருந்து சார்..."

"இது கத்தாதா?"

"தொண்டையில அறுத்துட்டோம் சார்."

ஹார்லன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "இதோட சத்தத்தை நிறுத்த உங்களுக்கு டாக்டர் இருக்காரு. என் காதுல இருக்கறதை நிறுத்தத்தான் யாருமில்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பன்றியின் காதைச் சொறிந்தும் விட்டார்.

வெளியே லிசார்தோ தட்டினார். "என்ன சார், உள்ளே ஏதாச்சும் இருக்கா?"

ஹார்லன் நெரேய்தாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஒண்ணுமே இல்லன்னு எழுதிக்குங்க ஆபீசர். நான் சொன்னதுல இதை ஒண்ணையாவது நம்புவீங்க!"