கடைசியாகப் போட்ட ஜாயின்ட்

டாக்டரம்மா சோதனை முடிவை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "ஹெர்பிஸ் கிருமிதான். ஆனா இது டைப் ஒண்ணு. சாதாரணமா உதட்டுல வர்ற வகை."

மண்ணுக்கடியில் போகிற டெலிபோன் கேபிளில் பழுது கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. பன்னிரண்டு வருஷ சர்வீஸ். எந்தத் தெருவில் எத்தனையாவது அடியில் கோளாறு என்று மேலே நின்றே சொல்லிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. லைன் செத்தால், கேபிளை இணைத்துக் கடைசியாகப் போட்ட ஜாயின்ட்டை முதலில் தோண்டு. பத்துக்கு எட்டு அங்கேதான் இருக்கும். போன வாரம் அடிவயிற்றுக்குக் கீழே கொப்புளம் கிளம்பி, சிறுநீர் போகும்போது உயிரே போனபோதும் மகராசி அதையேதான் செய்தாள். புருஷன் வாழ்க்கையில் புதிது எது? இரண்டு மாதமாகப் போகிற ஆபீஸ். விசாரிக்கவில்லை, யோசிக்கவில்லை. "எவகிட்டேர்ந்து வாங்கிட்டு வந்தே?" என்று ஒரே போடாகப் போட்டாள். அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். ஆறு நாளாகிறது.

"அவருக்கு உதட்டோரத்துல கொப்புளம் வருமா?" என்றார் டாக்டரம்மா.

வராமலென்ன. காய்ச்சலடித்தால் வரும், அலைச்சல் அதிகமானால் வரும். உடம்புச் சூடு, தண்ணி நிறையக் குடி என்பாள். இந்தத் தடவை அது காய்கிற வரைக்கும் இருவருக்கும் பொறுமையில்லை. அவன் வாய் எங்கெல்லாம் போனது என்று நினைத்ததும் அவளுக்குக் காது சுட்டது.

"வாயிலேர்ந்து கீழயும் வரும்மா. புண்ணு இருக்கறப்ப ரொம்ப சுலபம். ஒண்ணுமே தெரியாதப்பகூட சில சமயம் ஒட்டிக்கும். யாரு கொடுத்தாங்கன்னு இந்தக் காகிதம் சொல்லாது. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா, வேற எங்கயும் தேட வேணாம்."

"அவருக்கு எப்ப வந்திருக்கும்?"

"குழந்தையிலயே வந்திருக்கலாம். யாராவது ஆசையா முத்தம் கொடுத்திருப்பாங்க. காதுக்கு முன்னால, உள்ள ஒரு நரம்பு முடிச்சுல போய்ப் படுத்துக்கும். ஆயுசு முழுக்க அங்கதான். அப்பப்ப முழிச்சு நரம்பு வழியா உதட்டுக்கு வரும். உங்களுக்கு முதுகெலும்போட அடிப்பக்கத்து முடிச்சுல. மருந்து இருக்கு, பயப்படாதீங்க. புண்ணு இருக்கறப்ப மட்டும் தள்ளி இருங்க."

அவள் அசந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஊரெல்லாம் தோண்டியவளுக்கு இப்படியொரு லைன் இருப்பது தெரியவில்லை பாருங்கள். பேச்சு வராத வயதில் அவனை யாரோ கொஞ்சியிருக்கிறார்கள். கொடுத்தவருக்கே ஞாபகமிருக்காது. அந்த முத்தம் முப்பது வருஷம் அவனுக்குள் தூங்கி, எழுந்து, இப்போது அவளுக்குள் வந்து படுத்திருக்கிறது. பயத்தைவிடப் பிரமிப்புதான் பெரிதாக இருந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது.

சாயங்காலம் அவன் சட்டைகளை எடுத்துப்போக ஒரு பையோடு வந்தான். வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னுது. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"என்கிட்டேர்ந்துதானா?" என்றான் அவன். "ரொம்ப வலிச்சுதா?"

அவள் கையை நீட்டி அவன் காதுக்கு முன்னால், கன்னத்தில் இரண்டு விரலை வைத்தாள். "இங்கதான் தூங்குதாம்."

அவன் பையைக் கீழே வைக்கவில்லை. முகத்தையும் நகர்த்தவில்லை.