முதல் தடவைதான், சார்

"இதுக்கு முன்னாடி கல் எடுத்தப்ப கணையம் வீங்கியிருக்கா?" என்று டாக்டர் கேட்டதும் அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமா முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் இல்ல சார். இதுதான் முதல் தடவை."

பச்சைப் பொய். போன வருடம் வேறோர் ஆஸ்பத்திரியில் வாய் வழியே குழாய் விட்டுக் கணையத்துக் கல்லை எடுத்த அன்றே கணையம் வீங்கி, அக்கா பதினெட்டு நாள் கிடந்தாள். இனி எங்களால் ஆகாது என்று கைகழுவினார்கள். இவர்களும் விரட்டிவிட்டால் என்ன செய்வது என்பது மாமாவின் பயம். பழைய தையல் மெஷின் வாங்கி விற்கிறவர் அவர். கேட்காத பழுதைச் சொல்லமாட்டார். கேட்டால் இல்லையென்று சத்தியமே செய்வார். அவர் பேரம் பேசும்போது வீட்டு ஆட்கள் வாய் திறக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அக்கா அதை மீறியதில்லை. அவர் கடையில் வேலை பார்த்து, அவர் வீட்டில் சாப்பிடுகிற எனக்கோ வாயே கிடையாது.

டாக்டர் விடவில்லை. "நல்லா யோசிங்க. பொம்பளைங்களுக்கு இது வர்ற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு தடவை வந்திருந்தா இன்னும் ஜாஸ்தி. கணையம் முழுக்கச் சுருங்கிப்போனவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இவங்களுக்கு நல்ல பாகம் மிச்சம் இருக்கு, அதுதான் கோவிச்சுக்கும். வந்திருக்குன்னா நான் முடியாதுன்னு சொல்லமாட்டேன். கூடுதல் ஜாக்கிரதையா பண்ணுவேன்."

இறங்கிவர நல்ல இடம். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து மாமா இறங்கியதாகச் சரித்திரமே இல்லை.

"நல்ல பாகம் இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். அப்புறம் என்ன?" என்று சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார். மாமா சிரித்தால் சேர்ந்து சிரிக்காதவர் கிடையாது.

வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "நீயாவது சொல்லிடுடா."

"மாமா இருக்கும்போது எப்படிக்கா?"

"நான் பொண்டாட்டி, பயப்படுறேன். உனக்கென்னடா கேடு?"

மறுநாள் காலை கல்லை எடுத்தார்கள். மதியத்துக்குள் அக்கா முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுவிட்டாள். கத்தக்கூடக் குரல் வரவில்லை. டாக்டர் ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"முன்னாடி வந்திருந்தா அந்த ரிப்போர்ட் எனக்கு இப்பவே வேணும். போன தடவை எதுவரைக்கும் போச்சுன்னு தெரியணும்."

ரிப்போர்ட் என் தோள்பையில், அவளுடைய மாற்றுத்துணிக்கு அடியில் இருந்தது.

"முதல் தடவைதான் சார்," என்றார் மாமா.

அக்கா கையைத் தூக்கினாள். இரண்டு விரல். இரண்டாவது தடவை. டாக்டர் பக்கம் காட்டினாலும் பார்த்தது என்னை.

மாமா அந்த விரல்களைப் பிடித்து மடக்கிக்கொண்டார். "ரெண்டு தலையணை கேக்குறா. டேய் மாப்ளே, ஓடிப்போய் வாங்கிட்டு வாடா."

ஓடிப்போய் வாங்கிவந்தேன். ஒன்றை அவள் தலைக்கடியில் செருகினேன். மற்றதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு அணைத்தபடி நின்றேன். மாமாவின் கைக்குள் அவள் விரல்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.